கொஞ்சம் தள்ளி நில்லு

நகர ஆவணக் காப்பகத்தைக் கண்டுபிடிக்கவே அவர்களுக்கு அரைமணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, பேருந்து இருக்கையில் இரண்டு தடியர்களுக்கிடையில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றது அந்தப் பழைய ஓட்டுக் கட்டடம். காலை பத்து மணிக்கே உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டடங்களின் நிழல் ஜன்னல்களை அடைத்துக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் இரண்டு பேர். கணவன் புகைப்படக்காரன். விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்து, பத்தடி அறையைப் பதினைந்தடியாகக் காட்டுவது அவன் பிழைப்பு. மனைவி நில அளவையாளர். பத்தடி என்றால் பத்தடி, ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் விடமாட்டாள். "நான் இழுக்கிறதை எல்லாம் நீ சுருக்கிடுவியே" என்று கல்யாணமான புதிதில் அவன் அவளுக்கு 'அங்குலம்' என்று பேர் வைத்தான். ஆறு வருஷத்தில் அக்கம்பக்கத்தாரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவள் அதில் கோபப்பட்டதே இல்லை. அந்தப் பேரை அவன் சொல்லும்போது குரல் கொஞ்சம் குழையும். அது அவளுக்குப் பிடிக்கும்.

இப்போது கிடைத்திருப்பது அவன் வாழ்நாளில் கிடைத்த பெரிய வேலை. எழுபது வருஷத்துக்கு முன் நகரசபைப் புகைப்படக்காரர் ஒருவர் ஊரின் நாற்பது இடங்களை, பிலிமுக்குப் பதில் மருந்து பூசிய கண்ணாடித் தட்டுகளில் படம் பிடித்து, கழுவி உலர்த்தி வைத்திருந்தார். அதே நாற்பது இடங்களை, அதே கோணத்தில், அன்று கேமரா நின்ற அதே புள்ளியில் நின்று மறுபடி எடுக்க வேண்டும். பழையதையும் புதியதையும் ஜோடி ஜோடியாக மாட்டிக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். புள்ளியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க அங்குலம் வேலையில் இரண்டு மாதம் விடுப்புப் போட்டிருந்தாள்.

காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவள் ஐம்பதைத் தாண்டிய, வாய் ஓயாத பெண். "வாங்க வாங்க. இந்தக் கட்டடத்தை இடிக்கிறதுக்குள்ள வந்துட்டீங்களே, அதுவே பெரிய விஷயம்" என்று வரவேற்றாள். மரப்பெட்டியைத் திறந்து, முதல் தட்டை இரண்டு கைகளாலும் எடுத்து, வெளிச்ச மேசைமேல் வைத்தாள்.

தட்டில் ஒரு தெரு மலர்ந்தது. அகலமான, ஆளற்ற தெரு. இரண்டு பக்கமும் குடை பிடித்த மாதிரி மரங்கள். மரங்களுக்குப் பின்னால் தாழ்வாரம் வைத்த மாடி வீடுகள். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே வானம் தாராளமாகத் தெரிந்தது.

தெருவின் நடுவில் ஒரு பெண் நின்றாள். கையில் அவளைவிட இரண்டு மடங்கு உயரமான கோல். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அளவுகோல்.

"கட்டடம் எவ்வளவு உயரம்னு படத்துலயே தெரியறதுக்கு" என்றாள் காப்பக அக்கா. "நாற்பதுலயும் இந்தம்மாதான் நிக்கிறாங்க. அவர் சம்சாரம்."

கணவன் பூதக்கண்ணாடியை எடுத்துத் தட்டின்மேல் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"எவ்வளவு நல்லா நிக்கிறாங்க பாரேன்" என்றான். "அந்தக் காலத்துல ஒரு படத்துக்கு எத்தனையோ வினாடி ஆடாம அசையாம நிக்கணும். கோல் ஒரு நூல் சாயலை. கண்ணு நேரா கேமராவுல."

"கேமராவுல இல்லை, புருஷன்மேல" என்று சிரித்தாள் காப்பக அக்கா.

அங்குலமும் சிரித்தாள். ஆனாலும் அவன் கட்டடத்தைப் பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்துவிட்டாள். பூதக்கண்ணாடி அந்தப் பெண்ணின் முகத்தின்மேலேயே நின்றிருந்தது.

*

முதல் மூன்று இடங்கள் சிக்கலில்லாமல் முடிந்தன. வேலை இப்படித்தான் நடக்கும். பழைய படத்தில் இருப்பதில் இன்னும் இடிபடாமல் மிஞ்சியதை முதலில் தேடுவாள் அங்குலம். ஒரு கோபுர முனை, ஒரு பாலத்தின் வளைவு, கடைப் பலகைகளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஒரு பழைய சுவரின் விளிம்பு. அவற்றிலிருந்து கோணம் எடுத்துக் கணக்குப் போட்டால், கேமரா நின்ற இடமும், கோலோடு அந்தப் பெண் நின்ற இடமும் கிடைத்துவிடும். அந்தப் பெண் நின்ற இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு சிலுவைக்குறி போடுவாள். பிறகு காப்பகத்தில் கொடுத்த பழைய கோலை எடுத்துக்கொண்டு அந்தக் குறியின்மேல் தானே போய் நிற்பாள்.

மரத்தெரு இப்போது ஆறு வழிச் சாலை. சந்தை மைதானம் சுரங்கப்பாதையாகிவிட்டது. நீச்சல் போட்டி நடந்த ஏரி பேருந்து நிலையம். ஊரைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறு ஊரைச் செருகியிருந்தார்கள். அங்குலத்துக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. மாறுவதை அளப்பதுதான் அவள் தொழிலே.

நான்காவது இடத்தில்தான் அது ஆரம்பித்தது.

பழைய படத்தில் அது துறைமுகக் குமாஸ்தாக்களின் வீட்டு வரிசை. இப்போது ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடம். பட்டப்பகல். சுற்றிலும் ஹார்ன் சத்தம். அங்குலம் குறியின்மேல் ஏறிக் கோலை நிமிர்த்திப் பிடித்தாள். கணவன் கேமராவுக்குப் பின்னால் குனிந்தான்.

சத்தமெல்லாம் யாரோ கதவைச் சாத்தியதுபோல் நின்றது.

நாள்பட்ட துணியின் வாசனை வந்தது. பல வருஷம் மடித்து வைத்த உடுப்பைப் பிரிக்கும்போது வருமே, அந்த வாசனை. பிறகு அவளுடைய வலது தோளில் ஒரு அழுத்தம். கூட்டத்தில் இடிக்கிறவர்கள் இடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இது போகவில்லை. நிதானமாக, அவசரமே இல்லாமல், தன் இடத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர் நகரச் சொல்வதைப் போல அழுத்தியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. ஹார்ன் சத்தம் திரும்பி வந்தது.

சாயங்காலம் வீட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கணவன் முகம் சுளித்தான். "ஆடாதேன்னு சொன்னேன்ல? குறியை விட்டு ஒரு அடி தள்ளி நிக்கிற பாரு."

"நான் நகரவே இல்லைங்க."

"படம் பொய் சொல்லுமா?"

வெள்ளைக் குறி தரையில் தனியாகக் கிடந்தது. அவள் அதற்கு இடதுபுறம் ஒரு அடி விலகி நின்றாள். கை நீட்டிக் கோலைப் பிடித்திருந்தாள். கோல் மட்டும் குறிக்கு நேராக இருந்தது. கோலுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

ஒன்பதாவது இடத்திலும் அப்படியே. பதினான்காவதிலும். குறியின்மேல்தான் நிற்கிறாள், காலுக்குக் கீழே சுண்ணக்கட்டித் தூள் நெறிபடுவது அவளுக்கே தெரிகிறது. படத்தில் பார்த்தால் ஒரு அடி தள்ளி நிற்கிறாள்.

ஆனால் அங்குலத்தின் தூக்கத்தைக் கெடுத்தது அது அல்ல. அவள் கணவனின் பேச்சு.

முதல் வாரத்தில் அவன் "அவங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அவங்க எப்படிக் கோலைப் பிடிச்சிருக்காங்க பாரு. அவங்க முகத்துல வெயில் படறதைப் பாரு. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே, "இன்னிக்கு இருபத்திரண்டாவது தட்டைப் பார்த்தேன். அவ அதுல லேசா சிரிக்கிறா" என்றான்.

எடுத்த கவளத்தை அங்குலம் கீழே வைத்தாள்.

அவ.

எழுபது வருஷத்துக்கு முன் வாழ்ந்து மறைந்த ஒருத்தியை 'அவ' என்று சொல்ல இவனுக்கு எப்படி வாய் வந்தது? யோசித்துப் பார்த்தபோது இன்னொன்றும் உறைத்தது. தன்னை அவன் 'அங்குலம்' என்று கூப்பிட்டுப் பத்து நாளாகிவிட்டது.

அன்றிலிருந்து அவள் மனதுக்குள் அந்தப் பெண்ணுக்குக் 'கோல்காரி' என்று பேர் வைத்தாள். பேர் வைத்ததும் வெறுப்பது சுலபமாகிவிட்டது. தலை வாரும்போது கோல்காரியின் வகிடு நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் தன் தோள்களைப் பார்த்து, கூன் விழுந்திருக்கிறதோ என்று நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டாள். செத்துப்போனவளோடு போட்டியா, உனக்கென்ன பைத்தியமா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டினாலும் எரிச்சல் அடங்கவில்லை. உயிரோடு இருப்பவள் என்றால் சண்டை போடலாம், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம். இவளிடம் எங்கே போய்ச் சண்டை போடுவது? இவளுக்கு வயதாகப் போவதில்லை. குரல் உயர்த்தப் போவதில்லை. ஆடாமல் அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

முப்பத்தொன்பதாவது படம் எடுத்து முடித்த மறுநாள் மத்தியானம் கணவன் பாட்டரி வாங்கக் கடைக்குப் போனான். கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. எடுத்து முடித்த இடங்களின் தட்டுப் பிரதிகள் எல்லாம் அதில் இருந்தன. வரைபடத்தில் தேவையில்லாத கோடுகளை அழிப்பது அங்குலத்துக்குத் தினசரி வேலை. உட்கார்ந்தாள்.

முதல் படத்தில் கோல்காரியின்மேல், பக்கத்தில் தெரிந்த தெருமண்ணின் நிறத்தை எடுத்துப் பூசினாள். கால் போயிற்று. இடுப்பு போயிற்று. முகத்துக்கு வந்தபோது ஒரு நொடி தயங்கினாள். பிறகு அதையும் அழித்தாள். கோலைத் தொடவில்லை, கட்டடத்தின் உயரம் தெரிய அது வேண்டும். அவளை மட்டும் அழித்தாள்.

முப்பத்தொன்பது படங்கள். ஒன்றரை மணி நேரம். செய்யக்கூடாத வேலை என்று தெரிந்தே செய்தாள். ஒவ்வொரு முகமும் மறையும்போது நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. கண்காட்சிக்கு முன் அவனிடம் சொல்லிக்கொள்ளலாம், மூலத்தட்டுகள்தான் பத்திரமாக இருக்கின்றனவே என்று சமாதானம் செய்துகொண்டு எழுந்தாள்.

அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

*

"இங்க வந்து பாரேன்."

காலையில் கணவன் கூப்பிட்ட குரலில் கோபம் இல்லை. அதுவே அவளுக்குக் கலக்கமாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். திரையில் பழைய படங்கள் இல்லை. அவர்கள் எடுத்த புதிய படங்கள் வரிசையாக இருந்தன. கார் நிறுத்துமிடம். சுரங்கப்பாதை. பேருந்து நிலையம்.

இடைவெளி இல்லை.

ஒவ்வொரு படத்திலும், சுண்ணக்கட்டிக் குறியின்மேல், கோல்காரி நின்றாள். முதல் படங்களில் அவளுக்குப் பக்கத்தில், ஒரு அடி தள்ளி, அங்குலம். ஒரே கோல். கோலில் இரண்டு கைகள். கோல்காரியின் கை மேலே, அங்குலத்தின் கை கீழே.

அங்குலம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். இருபதாவது படத்தில் கோலின்மேல் அவள் கை விரல் நுனியால்தான் தொட்டுக்கொண்டிருந்தது. முப்பதாவதில் தொடவில்லை. முப்பத்தொன்பதாவதில் அவள் படத்தின் ஓரத்துக்கே போயிருந்தாள். பாதி உடம்புதான் தெரிந்தது.

பழைய ஊரிலிருந்து கோல்காரியைத் துரத்தியாயிற்று. போக வேறு இடம் இல்லாமல் அவள் புதிய ஊருக்குக் குடிவந்துவிட்டாள்.

"எவ்வளவு நல்லா வந்திருக்கா பாரு" என்றான் கணவன். அவன் முகத்தில் பயம் இல்லை. முதல் பிரசவத்தில் குழந்தை முகம் பார்த்த தகப்பனின் முகம்போல் பூரித்திருந்தது.

"ஏங்க... உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமா? எதுக்கு?"

"இது நடக்கக்கூடிய காரியமாங்க? போதுங்க. இந்த வேலையே நமக்கு வேண்டாம். விட்டுடலாம்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதானே. மணிக்கூண்டு."

"நான் வரமாட்டேன்."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "சரி, நீ வர வேண்டாம். அங்க இப்ப கட்டற கட்டடத்துல ஒரு பொண்ணு இன்ஜினியரா இருக்கா. அவளை நிக்கச் சொல்லிக்கிறேன்."

"இன்னொருத்தியா?"

அந்தக் கேள்வி தன் வாயிலிருந்து வந்த வேகத்தில் அங்குலமே திடுக்கிட்டாள். ஒரு கணம் அது தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் வயிற்றில் எரிந்தது அவளுடைய நெருப்புத்தான். தான் நிற்க வேண்டிய இடத்தில், அவன் கண் எதிரே, வேறு ஒருத்தி. அதை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

"நானே வரேன்" என்றாள்.

*

நாற்பதாவது தட்டில் இருந்தது பழைய மணிக்கூண்டு. அதன் மூன்றாம் நிலையில், கடிகாரத்துக்குக் கீழே, கைப்பிடி வைத்த திறந்த மாடம். அதில் கோலோடு அவள். அடுத்திருந்த ஒரு மொட்டைமாடியிலிருந்து எடுத்த படம். முப்பது வருஷத்துக்கு முன் மணிக்கூண்டையும் அந்த மாடி வீட்டையும் சேர்த்து இடித்தார்கள். கொஞ்ச காலம் அங்கே லாரி நிறுத்தினார்கள். இப்போது பதினெட்டு மாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. கம்பியும் சிமெண்டுமாக ஒன்பது தளம் வந்துவிட்டது, சுவர் இன்னும் எழுப்பவில்லை. அங்குலத்தின் கணக்குப்படி, அன்று மாடம் இருந்த உயரமும் இன்று மூன்றாவது தளம் இருக்கும் உயரமும் ஒன்றுதான். இரண்டு அங்குலம்தான் வித்தியாசம்.

மத்தியானம் ஒரு மணி. வேலையாட்கள் சாப்பிட இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் எதிரே வந்த மேஸ்திரி அவர்களை நிறுத்தினார்.

"அந்தக் கிழக்கு ஓரத்துக்கா போறீங்க? பார்த்துப் போங்கம்மா, அங்க இன்னும் தடுப்புக் கட்டலை."

"ஏன் கட்டலை?"

அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு தடவை கட்டினோம். நிக்க மாட்டேங்குது. அந்த மூலையில காத்து ஒரு மாதிரி. தோள்ல வந்து இடிக்கும்." சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கிப் போனார்.

மூன்றாவது தளத்தில் யாரும் இல்லை. வெயில் தூண்களுக்கு நடுவே கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. அங்குலம் கருவியை வைத்து அளந்தாள். ஒருமுறைக்கு மூன்றுமுறை அளந்தாள். குறி விழுந்த இடம் தளத்தின் விளிம்பிலிருந்து இரண்டரை அடி.

விளிம்பு இருந்தது இடதுபுறம்.

அவள் கோலை எடுத்துக்கொண்டு குறியின்மேல் ஏறி நின்றாள். கீழே பார்க்கவில்லை. எதிரே இருபதடி தூரத்தில் கணவன் கேமராவுக்குப் பின்னால் குனிந்தான்.

தெருச் சத்தம் நின்றது.

துணி வாசனை.

வலது தோளில் அழுத்தம்.

இந்தத் தடவை அது நிதானமாக இல்லை.

"ஏங்க, சீக்கிரம் எடுங்க" என்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு" என்றான் அவன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னது?"

"இடது பக்கம். கொஞ்சம் தள்ளி நில்லு. அவளுக்கு இடம் விடு."

அவளுடைய இடது கால் வழுக்கியது. செருப்புக்கடியில் சிமெண்டுத் தூள் நறநறத்தது. விளிம்பிலிருந்த ஒரு சிறு கல் உருண்டு போனது. அது கீழே விழுந்த சத்தம் கேட்க ரொம்ப நேரம் ஆனது.

"ஏங்க... என்னைப் பாருங்க. ஒரு தடவை என்னைப் பாருங்க."

"அழகா இருக்கு. அப்படியே."

அவன் தன்னிடம் பேசவில்லை என்பது அப்போதுதான் அங்குலத்துக்கு முழுசாகப் புரிந்தது. கோலைப் பிடித்திருந்த அவள் கைமேல் இன்னொரு கை படிந்தது. குளிர்ந்த, உலர்ந்த கை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கோலிலிருந்து பிரித்தது. கட்டைவிரல். ஆள்காட்டி விரல். நடுவிரல்.

அத்தனை நாள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது அந்தக் கணத்தில் அவிந்துபோனது. அதற்குமுன் அவள் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

"இது உன் இடம்தான்" என்று கிசுகிசுத்தாள். "நான் அழிச்சது தப்பு. எடுத்துக்கோ. எனக்கு வேண்டாம். நீயே நில்லு."

அழுத்தம் நின்றது.

அங்குலம் கோலை விட்டுவிட்டுத் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கைகளை ஊன்றிப் பின்னால் நகர்ந்து முதல் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

கோல் விழவில்லை.

குறியின்மேல், யாரும் பிடிக்காமல், ஒரு நூல் சாயாமல் நின்றது.

கேமராவின் ஓசை கேட்டது. ஒருமுறை. இன்னொருமுறை. கணவன் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோலை நோக்கி நடந்தான்.

"தலையை மட்டும் கொஞ்சம் தூக்கு" என்றான், ரொம்ப மெதுவாக. "வெயில் படட்டும்." முகவாயைப் பிடித்து நிமிர்த்துவதுபோல் காற்றில் கையை நீட்டினான்.

"போகாதீங்க!"

அவன் இன்னும் ஒரு எட்டு வைத்தான். பிறகு, கோலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்து முகத்தைப் பார்க்கப் போகிறவனைப் போல, விளிம்புப் பக்கம் காலை எடுத்து வைத்தான்.

அங்குலம் தூணை விட்டுப் பாய்ந்தாள். கைக்கு அகப்பட்டது கேமராவின் வார்தான். ஒரு நொடி அவன் முழுப் பாரமும் அவள் கையில் தொங்கியது. அந்த ஒரு நொடியில் அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளைப் பார்த்தான். "அங்குலம்" என்றான்.

வார் அறுந்தது.

*

இரண்டாவது தளத்தில் நீட்டிக்கொண்டிருந்த சாரத்தின் பலகைகள் அவனைத் தாங்கிக்கொண்டன. கேமராவைத் தாங்கவில்லை. அது தெருவரைக்கும் போய்ச் சுக்குநூறானது. அவனுக்கு இடுப்பெலும்பும் வலது தோளும் உடைந்தன. பிழைத்தான். மூன்றாவது தளத்தில் நடந்தது எதுவுமே அவனுக்கு நினைவில் இல்லை. கோலோடு நின்றவளைப் பற்றிக் கேட்டால் நெற்றியைச் சுருக்கி, "அந்தப் பழைய படத்துல இருக்கிற அம்மாவா? அவங்களுக்கென்ன?" என்றான்.

காப்பக அக்கா மருத்துவமனைக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். நோயாளி தூங்குவதைப் பார்த்துவிட்டு, அங்குலத்தை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். வழக்கமான சிரிப்பு அவளிடம் இல்லை.

"உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும் தங்கச்சி. வெறும் வம்புப் பேச்சுன்னு நினைச்சு விட்டுட்டேன். அந்த நகரசபைப் புகைப்படக்காரருக்குக் கடைசியில கோல் பிடிச்ச அவர் சம்சாரத்துமேல சலிப்பு வந்துடுச்சாம். நாற்பதாவது படத்துக்கு வேற ஒருத்தியை நிக்க வைக்கப் பார்த்தாராம். அந்தம்மா விடலை. என் இடத்துல இன்னொருத்தியான்னு கேட்டுட்டு, அவங்களே கோலை எடுத்துக்கிட்டு மணிக்கூண்டுல ஏறி நின்னாங்களாம். படமும் எடுத்தாச்சு."

"அப்புறம்?"

"படிக்கட்டு வழியா அவங்க இறங்கி வரலை."

வராந்தாவின் கோடியில் ஒரு தள்ளுவண்டி கடகடத்துப் போனது. அங்குலம் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அவர் என்ன ஆனார்?"

"யாருக்குத் தெரியும்? அதுக்கப்புறம் அவர் எடுத்த படம் ஒண்ணுகூட இல்லை."

கண்காட்சி நடக்கவில்லை. படங்களை அங்குலம் அழித்தாள், புதியதையும் பழையதன் பிரதிகளையும். மூலத்தட்டுகள் மட்டும் காப்பகத்துப் பெட்டியில் கிடந்தன. கணவன் நடக்கத் தொடங்கியதும் இரண்டு பேரும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். ரயிலில் ஒன்பது மணி நேரத் தூரம். போன வருஷம்தான் கட்டி முடித்த குடியிருப்பு, சுற்றிலும் வெறும் பொட்டல் நிலம். அங்குலம் வேண்டுமென்றே அப்படித் தேடினாள். அந்த மண்ணில் அதற்குமுன் எந்த வீடும் நின்றதில்லை என்று பழைய வரைபடங்களை வாங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் முன்பணம் கொடுத்தாள்.

கணவன் கேமராவைத் தொடவில்லை. ஒரு அச்சகத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. மாலையில் கொஞ்சம் விந்தி விந்தி நடந்து வீட்டுக்கு வருவான். அவள் சமைத்ததைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். அவன் கண்கள் இப்போது அவளைத் தவிர வேறு எங்கும் போவதில்லை. அது போதும் அவளுக்கு. உடைந்த தோளோடு திரும்பக் கிடைத்த புருஷன் என்றாலும் அவளுடையவன். சில சமயம், அவன் வலியில் முனகும்போது, தன் மனதின் ஒரு மூலை திருப்திப்படுவதைக் கண்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எட்டு மாதம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. கணவன் உள்ளே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். அங்குலம் பால்கனியில் துணி உலர்த்திவிட்டு, வெயில் சுகமாக இருந்ததால் அங்கேயே நின்றாள். கைபேசி அடித்தது. காப்பக அக்கா.

"எப்படிம்மா இருக்கே? வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கோம் அக்கா. என்ன இன்னிக்கு, லீவு நாள்ல?"

"காப்பகத்தை இடிக்க உத்தரவு வந்துடுச்சு. சாமானை எல்லாம் ஒழிச்சுக்கிட்டு இருக்கேன்." அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. "அந்தக் கண்ணாடித் தட்டை எல்லாம் எண்ணி வச்சேன் தங்கச்சி. நாற்பத்தொண்ணு இருக்கு."

அங்குலம் சிரிக்கப் பார்த்தாள். "தப்பா எண்ணியிருப்பீங்க அக்கா."

"மூணு தடவை எண்ணிட்டேன். பூட்டு நான் போட்ட பூட்டுதான். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு." குரல் தாழ்ந்தது. "நான் ஒண்ணு கேக்கறேன். உங்க வீடு ரெண்டாவது மாடியா?"

"ஆமாம்."

"பால்கனிக்கு வளைஞ்ச வளைஞ்ச கம்பியா?"

அங்குலம் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"துணி காயுது. ஒரு பொண்ணு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. இன்னொரு கையைக் காதுல வச்சிருக்கா. தங்கச்சி, அது நீதான். நேரா கேமராவைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே."

எதிரே வெறும் பொட்டல். ஒரு மரம்கூட இல்லை. வெயிலில் புல் ஆடிக்கொண்டிருந்தது.

"எப்ப எடுத்ததுன்னு அதுல போட்டிருக்கா அக்கா?" என்று கேட்டாள் அங்குலம்.

"தேதி எதுவும் இல்லைம்மா. ஆனா தட்டு..."

"தட்டுக்கு என்ன?"

"தட்டு இன்னும் ஈரமா இருக்கு."